கண்ணாடிச் சாப்பாட்டு மேசை: மேற்பலகையை மட்டும் மாற்றலாமா?

கோயம்புத்தூரில் வசிக்கும் எங்கள் வீட்டில் இரண்டு வயதிலும் ஐந்து வயதிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். எட்டு மாதங்களுக்கு முன் வாங்கிய மேசையின் 10 மி.மீ. டஃபன்டு (சூடாக்கிப் பதப்படுத்திய) கண்ணாடியில், சின்னவன் எவர்சில்வர் டம்ளரால் தட்டியதில், ஓரத்தில் மிளகளவு சில்லு பெயர்ந்துவிட்டது. இவ்வகைக் கண்ணாடிக்கு ஓரம்தான் பலவீனம் என்பதாலும், அங்கே மீண்டும் அடிபட்டால் பலகை முழுவதும் நொடியில் சிறு துண்டுகளாகச் சிதறக்கூடும் என்பதாலும், இப்போது தரையில் பாய் விரித்தே சாப்பிடுகிறோம் (குழந்தைகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது). ரப்பர் மூலைக்காப்புகளைப் பெரியவள் ஒரே நாளில் பிய்த்துவிட்டாள். மேசை விரிப்பு போட்டதும் சின்னவன் இழுத்துச் சாம்பார்க் கிண்ணத்தைக் கவிழ்த்தான். பதப்படுத்திய கண்ணாடியை மறுபடி வெட்ட முடியாது என்று கடைக்காரரும் கைவிரித்துவிட்டார். இரும்புக் கால்கள் உறுதியாக உள்ளன. பலகை 5 அடிக்கு 3 அடி. உடைந்தாலும் துண்டுகள் உள்படலத்தில் ஒட்டி நிற்கும் லேமினேட்டட் கண்ணாடியை இதே கால்களில் பொருத்தலாமா, மரப்பலகைக்கே மாறிவிடுவது நல்லதா?