அட்வான்ஸ் கொடுக்கப் போய்த் திரும்பி வந்த கதை உங்களுக்கும் உண்டா?

தச்சநல்லூரான்
திருநெல்வேலி பெருமாள்புரம் பக்கம் கட்டி முடித்த வீடு, 32 லட்சம். கையில் 7 இருந்தது, மிச்சம் 25-க்கு லோன். கணக்கு நேராகிவிட்டது என்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு பத்திரம் எழுதுகிறவரிடம் போனேன். அப்பா மடியில் மஞ்சப்பை. உள்ளே அட்வான்ஸ் 50 ஆயிரம். அவர் ஒரு ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் எழுதினார்: முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 2 லட்சத்து 88 ஆயிரம். "எழுத்துக்கூலி தனி. இதுக்கு எங்க வச்சிருக்கீய?" என்றார். நான் அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. மஞ்சப்பையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வால, டீ குடிப்போம்" என்று எழுந்துவிட்டார். ஒன்றரை வருஷம் ஆகிறது. அவர் செய்தது சரியா என்று இன்னும் பிடிபடவில்லை.

பாளை அக்கா
தம்பி, அப்பா பயந்துவிட்டார், அவ்வளவுதான். 30 லட்சம் வரையிலான லோனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தர ரிசர்வ் வங்கி விதியே இடம் தருகிறது. 28 கேட்டிருக்கலாம். நாங்கள் அப்படித்தான் உச்சம் வரை வாங்கினோம், வீடும் கைக்கு வந்தது. பால் காய்ச்சி நாலாம் மாதம் ஜூன். ஸ்கூல் ஃபீஸ், அதே வாரம் மாமியாருக்கு ஆஸ்பத்திரி. கழுத்துச் செயினைக் கழற்றி அடகுக்கடைத் தட்டில் வைத்தேன். எடை போடுமுன் கடைக்காரர் அதை எடுத்து 'ஃபூ' என்று ஊதினார், தூசி இருக்கிறதாம். பத்து வருஷம் என் கழுத்தில் கிடந்த செயின்! அதற்காக வீடு வாங்கியது தப்பென்று சொல்ல மாட்டேன்.

அம்பை வாத்தியார்
அக்காவுக்கு: 90 வரை தரலாம் என்றால் தந்தே தீருவார்கள் என்று பொருளில்லை. சம்பளம், பழைய கடன் எல்லாம் பார்ப்பார்கள். 28 லட்சத்துக்கு எட்டரை வட்டியில் 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 24,300. முதல் மாதம் அதில் 19,800-க்கு மேல் வட்டிக்கே போய்விடும். தம்பியின் அப்பா கெட்டிக்காரர்.

என் கதை சின்னது. 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின் வண்ணார்பேட்டையில் ஒரு வீடு பார்த்தேன். புதுச் சுண்ணாம்பையும் மீறி ஜன்னல் உயரத்தில் சேற்றுக் கோடு. திரும்பிவிட்டேன்.

இனி யார் வாங்கினாலும், வரப்போகும் தவணையில் வாடகை போக மிச்சத்தை ஆறு மாதம் தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு மாதம் அதில் கைவைத்தாலும் நேரம் வரவில்லை என்று அர்த்தம். வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல், 30 வருஷத்துக்குப் போடுங்கள். மூலப்பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள், நகலை நம்ப வேண்டாம். பெண் பேரில் எழுதினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்பார்கள். அது 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்துக்கு மட்டும். அப்புறம், மாறும் வட்டியில் வாங்கிய வீட்டு லோனை முன்கூட்டிக் கட்டினால் வங்கி அபராதம் போட முடியாது. போனஸ் வந்தால் டிவி வாங்காமல் அசலில் கட்டுங்கள். டிவி எங்கேயும் போய்விடாது.

மேலப்பாளையத்துக்காரன்
சார், கேட்டது அனுபவம், நீங்கள் பாடமே நடத்திவிட்டீர்கள். எங்கள் முன்பணம் முழுக்க ஒத்தியில் கிடந்தது, மாத வாடகை இல்லாமல் குடியிருக்க வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்த 5 லட்சம். அதை நம்பித்தான் வேறு வீட்டுக்கு ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாதத்துக்கு அக்ரிமெண்ட் போட்டேன். காலி செய்கிறோம் என்று சொல்லப் போனபோது, ஒத்தி வீட்டுக்காரர் தார்சாவில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "அடுத்த ஆள் வந்து பணம் தந்தால்ல உனக்குத் தர முடியும்" என்றார். ஆள் வந்தது ஐந்தாம் மாதம். அட்வான்ஸ் போனது போனதுதான். ஒத்திப் பணத்தை நான் கையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தச்சநல்லூரான்
எல்லாவற்றையும் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். செயினை ஊதிய இடத்தில் மட்டும் தலையைத் தூக்கினார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பெருமாள்புரத்து வீடு வித்துப்போச்சால?" என்று கேட்டார்.