மேரியின் ஆட்டுக்குட்டியை எழுதியவர் பத்திரிகை ஆசிரியரா?

கேள்வி (மழைக்குருவி):
மகளுக்கு 'மேரி ஹேட் எ லிட்டில் லேம்ப்' சொல்லிக்கொடுக்கும்போது எழுதியது யார் என்று தேடினேன். சாரா ஜோசஃபா ஹேல், அமெரிக்கர். ஐம்பது வருடம் பத்திரிகை ஆசிரியராக இருந்தாராம். 1820களில் ஒரு பெண்ணுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது?

பதில் (பழைய புரூஃப்):
வயிற்றுப்பாடுதான். ஊர் நியூ ஹாம்ப்ஷயரில் நியூபோர்ட். வக்கீலான கணவர் 1822இல் இறந்தபோது ஐந்தாவது பிள்ளை வயிற்றில். நாத்தனாரோடு தொப்பிக் கடை போட்டார், ஒத்துவரவில்லை. 1827இல் 'நார்த்வுட்' நாவல் வெளிவந்தது. அதைப் பார்த்துவிட்டு ஜான் பிளேக் என்ற பாதிரியார், பாஸ்டனில் தொடங்கவிருந்த பெண்கள் பத்திரிகைக்குக் கூப்பிட்டார். முதல் இதழ் 1828இல்.

நான் வார இதழ் ஒன்றில் உதவியாசிரியராக இருந்தவன். பக்கம் நிரம்பாத இரவின் பதற்றம் தெரியும். அப்போதைய பத்திரிகைகள் இங்கிலாந்து இதழ்களிலிருந்து வெட்டி ஒட்டியே காலம் தள்ளின. இந்த அம்மா சொந்தச் சரக்குதான் வேண்டும் என்று நின்றார். ஆரம்ப இதழ்களில் நிறையப் பக்கங்கள் அவரே எழுதியவை. எனக்கு அந்தத் துணிச்சல் வந்ததே இல்லை.

1837இல் பிலடெல்பியாவின் பதிப்பாளர் லூயி கோடி அந்தப் பத்திரிகையை வாங்கித் தன் 'லேடிஸ் புக்' இதழுடன் இணைத்தார். 1860 வாக்கில் ஒன்றரை லட்சம் பிரதி! கையால் வண்ணம் தீட்டிய ஃபேஷன் படங்களுக்காகவே பலர் வாங்கினார்கள். அதன் ஆசிரியராகத் தொடர்ந்த ஹேலோ கணவர் போன நாளிலிருந்து சாகும்வரை கறுப்பு உடைதான்.

பதில் (கத்தரிவெயில்):
அமெரிக்கர்களின் நன்றித் திருநாளான தேங்க்ஸ்கிவிங்கை விட்டுவிட்டீர்களே. நாடு முழுக்க ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று ஜனாதிபதி மாறி ஜனாதிபதிக்கு எழுதிக்கொண்டிருந்தவர். 1863 செப்டம்பர் 28 அன்று லிங்கனுக்கு எழுதினார். அக்டோபர் 3 அன்று பிரகடனம் வந்துவிட்டது. ஆனால் பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்றவரும் இவர்தான். அதை எங்கே வைப்பீர்கள்?

பதில் (பழைய புரூஃப்):
மறைக்கவில்லை. அரசியல் பெண்ணுக்கு ஆகாது என்று உண்மையாகவே நம்பினார். பெண் படிக்க வேண்டும், டாக்டராக வேண்டும் என்றும் அதே பிடிவாதத்தோடு எழுதினார். பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட வாசர் கல்லூரியின் பெயரில் இருந்த 'ஃபீமேல்' என்ற சொல்லை எடுக்க வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தச் சொல் ஆடுமாட்டுக்கும் பொருந்துமே என்பது அவர் எரிச்சல்.

மழைக்குருவி:
நன்றி ஐயா. இன்னொன்றும் கண்ணில் பட்டது: அவர் 89 வயதில் ஓய்வு பெற்ற அதே 1877இல்தான் எடிசன் தன் ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவியில் அந்த ஆட்டுக்குட்டிப் பாட்டைப் பேசிப் பதிந்திருக்கிறார்.