பாக்சோய் பூத்துவிட்டது: மதுரை வெயிலுக்கு எந்தக் கீரை?

மதுரை மாடித்தோட்டம்:
அனைவருக்கும் வணக்கம். மொட்டை மாடியில் 12 அங்குல வளர்ப்புப் பைகளில் செம்மண், தென்னை நார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் கலந்து, பிப்ரவரி நடுவில் பாக்சோய் என்ற சீனக் கீரையை விதைத்தேன். முளைப்பில் குறையில்லை. ஆனால் ஐந்தாவது வாரத்திலேயே நடுத்தண்டு நீண்டு மஞ்சள் மொட்டுகள் வந்துவிட்டன. அடிப்பகுதி பருத்துக் குவியவே இல்லை. இலைகளில் குண்டூசியால் குத்தியது போன்ற ஓட்டைகளும் உள்ளன. உரம் போதவில்லையா? செடிகளைப் பிடுங்கிவிடலாமா? இந்த வெயிலைத் தாங்கும் கிழக்காசியக் கீரைகள் இருந்தால் அவற்றின் சமையல் முறையோடு சொல்லுங்கள்.

ஓசூர் விவசாயி:
உரத்தில் குறையில்லை ஐயா, பருவம்தான் பொருந்தவில்லை. பாக்சோய் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த குளிர்காலச் செடி. வெயில் ஏறிப் பகலும் நீளத் தொடங்கினால், இலையைப் பெருக்குவதை விட்டுவிட்டுப் பூத்து விதை வைக்க விரைந்துவிடும். மதுரையில் அடைமழை தணிந்ததும் நவம்பர் கடைசியில் விதைத்துப் பாருங்கள், பொங்கலையொட்டி அறுவடைக்கு வரும்.

இப்போதுள்ள செடிகளைத் தயவுசெய்து பிடுங்க வேண்டாம். இதன் நெருங்கிய உறவான சோய்சம் என்ற கீரையைச் சீனர்கள் பூந்தண்டுக்காகவே வளர்க்கிறார்கள். மொட்டு விரியுமுன் தண்டை இளசாக ஒடித்து, பாதி வெந்த பாசிப்பருப்பில் முதலில் தண்டையும், இறக்குவதற்குச் சற்று முன் இலையையும் போட்டுக் கூட்டு வையுங்கள். சீரகம், தேங்காய், ஒரு காய்ந்த மிளகாய் போதும். கடுகுக் கீரைக்குரிய இலேசான காரம் அதில் இருக்கும். அந்த ஓட்டைகள், தொட்டால் தெறித்துத் தாவும் சிறு கருவண்டுகளின் வேலை. அடுத்த முறை விதைத்த அன்றே மெல்லிய வலையால் மூடிவிடுங்கள்.

ஈப்போ இல்லத்தரசி:
மலேசியாவில் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தான் என்பதால், எங்கள் வீட்டில் எந்த மாதத்திலும் கைவிடாத கீரை காங்கோங். இது உங்களுக்கு அந்நியமானதன்று. சங்கப் பாடல்களில் மருத நிலத்துப் பொய்கைகளில் படரும் வள்ளைக் கொடிதான் இது. இலங்கையில் கங்குன் என்பார்கள்.

விதையின் தோல் கடினமானது. ஆகவே ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். குச்சி கிடைத்தால் இன்னும் எளிது, தண்ணீரில் நிறுத்தினால் சில நாட்களில் கணுக்களில் வேர் விடும். ஈரம் மட்டும் காயவே கூடாது. நான்கு வாரத்தில், அடியில் இரண்டு கணுக்களை விட்டு அறுத்தால் மறுபடியும் தழைக்கும். கழிவுநீர் கலக்கும் குளத்தில் விளைந்ததை நான் வாங்குவதே இல்லை, ஏனெனில் இது நீரிலுள்ள ஈயம் முதலிய நச்சு உலோகங்களையும் உறிஞ்சிவிடும். சொந்தத் தொட்டியில் வளர்ப்பதன் அருமை அதுதான்.

சமைக்கும்போது வாணலி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பூண்டு, மிளகாய், பெலாச்சான் (புளிக்க வைத்த இறால் விழுது) மூன்றையும் இடித்து எண்ணெயில் வதக்கி, தண்டைப் போட்டு, பின் இலையைப் போட்டு இரண்டு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். மூடி வைத்தால் கறுத்துவிடும். பெலாச்சான் கிடைக்காவிட்டால், வறுத்துப் பொடித்த சென்னாக்கூனி அதன் இடத்தை ஓரளவு நிரப்பும்.

மதுரை மாடித்தோட்டம்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மாலையே தண்டுகளை ஒடிக்கிறேன். மேலும் ஒரு ஐயம்: நண்பர் ஒருவர் சக்ரமுனிக் கீரைக் குச்சிகளைக் கொடுத்து, தினமும் காலையில் அதைப் பச்சையாகச் சாறு எடுத்துக் குடிக்கச் சொல்கிறார். குடிக்கலாமா?

ஈப்போ இல்லத்தரசி:
வேண்டாம் ஐயா. அதை நாங்கள் சாயூர் மானிஸ் என்று சொல்லி வேலியோரத்தில் வளர்க்கிறோம், சமைத்து மட்டுமே உண்கிறோம். 1990களின் நடுவில் தைவானில் உடல் இளைப்பதற்காக இதன் பச்சைச் சாற்றை வாரக்கணக்கில் குடித்த பலருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் அடைபட்டு, மீளாத மூச்சுத்திணறல் வந்தது. சிலர் இறந்தும் போனார்கள். குச்சிகளைத் தாராளமாக நடுங்கள். இலையை உருவி, கையால் கசக்கி அலசி, வெங்காயத்தோடு வதக்கி, நன்றாக வெந்தபின் இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். வாரத்தில் ஒரு நாள் செய்தால் போதும்.