பென்சிலின் ஒவ்வாமைக்கான தோல் பரிசோதனை: நெல்லையில் எங்கே?

அனைவருக்கும் வணக்கம். சிறு வயதில் பென்சிலின் ஊசி போட்டபின் உடம்பெங்கும் தடிப்பு எழுந்ததாக ஆச்சி சொன்னதை வைத்து, அம்பாசமுத்திரத்தில் வசிக்கும் என் தாயாரின் மருத்துவச் சீட்டுகளில் இன்றுவரை 'பென்சிலின் ஆகாது' என்று சிவப்பு மையில் எழுதப்படுகிறது. இதய வால்வுக் கோளாறுள்ள அவருக்குப் பல் பிடுங்குமுன் பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலின் தேவைப்படுவதாலும், இவ்வாறு குறிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்குச் சோதித்துப் பார்த்தால் ஒவ்வாமை இருப்பதில்லை என்பதாலும், முறையாகப் பரிசோதிக்க விரும்புகிறோம். ஊசிக்கு முன் வழக்கமாகப் போடும் டெஸ்ட் டோஸை நான் கேட்கவில்லை. முன்கைத் தோலில் லேசாகக் குத்தி, பிறகு தோலுக்குள் சிறிதளவு செலுத்தி, 15 முதல் 20 நிமிடங்களில் தடிப்பை அளந்து, ஒன்றுமில்லையெனில் கண்காணிப்பில் மாத்திரை கொடுத்துப் பார்க்கும் முழுப் பரிசோதனையையே கேட்கிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் இதைச் செய்கிறார்களா, மதுரைக்குத்தான் போகவேண்டுமா? அரிப்புக்காக அவர் தினமும் சாப்பிடும் செட்ரிசினை எத்தனை நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள் என்பதையும், செய்துகொண்டவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.