மோர் ஊற்றிய இடத்தில் கிடைத்த பெயர்

பட்டர்வொர்த்திலிருந்து:

என் அம்மா எண்பதுகளில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்துச் சில்லுகளில் கம்பி ஒட்டிய அதே பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில்தான் நானும் ஏழு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். பிரிவை மூடிவிட்டார்கள். மூன்று மாதத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை இணையத்தில் அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் ஒரே சுயவிவரம். இரண்டு இடங்களிலிருந்து மட்டுமே பதில் வந்தது, இரண்டிலும் இடமில்லை.

அந்தத் தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் டம்ளர் அடுக்கிய அண்ணனை வருடத்துக்கு ஒருமுறை அங்கேதான் பார்ப்பேன். வேறோர் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. "வேலை ஏதும் இருக்கிறதா அண்ணே?" என்று வாய்வரை வந்துவிட்டது. கேட்டிருந்தால் "பார்த்துச் சொல்கிறேன் தம்பி" என்பதோடு முடிந்திருக்கும். "உங்கள் ஆலையிலும் தங்கக் கம்பியை விட்டுச் செம்புக்கு மாறிவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

கையிலிருந்த டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டார். தங்கம் விலை ஏறியதால் மாறியது, செம்பு சூட்டில் காற்றுப்பட்டால் ஒட்ட மறுப்பது, கம்பி இறங்கும் கேப்பிலரி முனை முன்பைவிடச் சீக்கிரம் தேய்வது, இரவு ஷிப்டில் எந்திரம் நின்று நின்று போவது என்று அரைமணி நேரம் பேசினார். கிளம்பும்போது பிரிவுத் தலைவரின் பெயரைச் சொல்லி, "என் பெயரைப் போட்டே எழுதுங்கள் தம்பி" என்றார்.

மறுநாள் எழுதிய கடிதம் அரைப் பக்கம்கூட வரவில்லை. முதல் வரியில் அண்ணனின் பெயர். அடுத்து விஷயம்: கம்பியின் நுனி உருகிச் செம்பு உருண்டை உருவாகும் இடத்தில் 95 சதவீத நைட்ரஜனும் 5 சதவீத ஹைட்ரஜனும் கலந்த வாயு பாய வேண்டும், அதன் ஓட்டம் குறைந்தால் உருண்டை கோணிப்போகும், பழைய ஆலையில் ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் அதை அளந்து குறிக்க ஒரு பதிவேடு தொடங்கினேன், எந்திரம் நிற்பது குறைந்தது. பதினைந்து நிமிடம் கொடுத்தால் பதிவேட்டின் மாதிரியை வரைந்து காட்டுகிறேன் என்று முடித்தேன். 'கடின உழைப்பாளி' என்ற சொல்லை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். நான்காம் நாள் கூப்பிட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

படித்ததும் கண் கலங்கிவிட்டது அண்ணா. மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இலேயே இதைச் சொல்லியிருக்கிறார். தெரிந்தவர் வழியாக வேலை பெற்றவர்களை விசாரித்ததில், அடிக்கடி சந்திப்பவர் மூலம் கிடைத்தது ஆறில் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிறவர்களே உதவியிருக்கிறார்கள்.

கணக்கியல் முடித்த எனக்கு அப்படியும் யாரும் இல்லை. 2025 தொடக்கத்தில், முன்பின் தெரியாத பன்னிரண்டு சிறு தணிக்கை நிறுவனங்களுக்கு எழுதினேன். ஆண்டு விற்பனை 5 முதல் 25 மில்லியன் ரிங்கிட் வரை உள்ள வணிகங்களுக்கு அந்த ஜூலை 1 முதல் இ-இன்வாய்ஸ் எனும் மின்னணு விலைப்பட்டியல் கட்டாயமாகவிருந்தது. "உங்கள் வாடிக்கையாளர்களோடு உட்கார்ந்து தமிழிலும் மலாயிலும் விளக்க நான் தயார்" என்று எழுதி, மஸ்ஜித் இந்தியா துணிக்கடைக்காரர் ஒருவருக்குச் சொல்வதுபோல் ஒரு பக்க விளக்கத்தையும் இணைத்தேன். அந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு வார இரவுகள் ஆயின.

மூன்று பேர் பதில் போட்டார்கள். லெபோ அம்பாங்கில் ஓர் அம்மையாரின் அலுவலகத்துக்குப் போனபோது, என் தாள் அச்செடுத்து மேசைமேல் இருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டு திருத்தங்கள். நேர்முகத் தேர்வு முழுக்க அவற்றைப் பற்றியே பேசினோம். ஒன்றை ஏற்றுக்கொண்டேன், இன்னொன்றுக்கு வருமான வரி வாரியத்தின் வழிகாட்டியைத் திறந்து பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "திங்கட்கிழமை வந்துவிடுங்கள்" என்றார்.