வெளியூர் நண்டு "குடியேறிவிட்டது" என்று எப்போது சொல்லலாம்? உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். வெப்பமண்டலக் கடல்களில் புதிதாக வந்து நிலைத்துவிட்ட நண்டு, இறால், கொட்டலசு (பாறையிலும் கப்பலிலும் ஒட்டி வாழும் ஓட்டு உயிரி, பார்னக்கிள்) வகைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். சரக்கு இறக்கிய கப்பல் நிலை தடுமாறாமல் இருக்க ஏற்றும் பேலஸ்ட் தண்ணீரில் லார்வாக்கள் (முட்டையிலிருந்து வந்த இளம் உயிரிகள்) கடல் கடந்து போகின்றன, கப்பலின் அடிப்புறத்தில் கொட்டலசு ஒட்டிக்கொண்டு போகிறது, பண்ணையிலிருந்து இறால் தப்பிக்கிறது, இதெல்லாம் சரி. பேலஸ்ட் தண்ணீருக்கான உலக உடன்படிக்கை 2004இல் ஏற்கப்பட்டு 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பதும் தெரியும். (13 வருஷம்! நண்டு காத்திருக்குமா?)

என் குழப்பம் வேறு. இந்தோ-பசிபிக் நண்டான சாரிப்டிஸ் ஹெல்லரி, 1980களின் கடைசியில் கரீபியனில் தென்பட்டு அப்புறம் பிரேசில் வரை பரவிவிட்டது. பெண் நண்டு விந்தைச் சேமித்து வைத்துப் பல தடவை முட்டையிடுமாம், அப்படியானால் ஒன்றிரண்டு வந்தாலே போதும் போலிருக்கிறது. நம் பக்கத்து டைகர் இறாலும் மேற்கு அட்லாண்டிக்கில் இருக்கிறது. ஆனால் வலையில் நாலைந்து சிக்கினால் அது குடியேற்றமா, வழிதவறி வந்ததா? முட்டை சுமக்கும் பெண், வெவ்வேறு அளவுக் குஞ்சுகள், வருஷா வருஷம் கிடைப்பது, இவற்றில் எதை முக்கியமாகப் பார்ப்பீர்கள்? வெனாமி இறால் மாதிரி பண்ணையிலிருந்து ஓயாமல் தப்பி வரும் இனத்தில் இதை எப்படிப் பிரித்தறிவது?

களத்தில் வேலை செய்தவர்கள் சொன்னால் நல்லது.