புதுப்பிப்பு: வகுப்புச் சிறுகதை, உரையாடலில் விட்டுப்போனது

முந்தைய இழையில், கல்லூரி வகுப்புக்கு 1,500 சொல்லில் சிறுகதை எழுத மூன்று காட்சி, இரண்டு பாத்திரம் போதும் என்று சொல்லியிருந்தேன். அந்தக் கணக்கில் மாற்றமில்லை. உரையாடலைத்தான் ஒரே வரியில் கடந்துவிட்டேன். அதிகம் சறுக்குவது அங்கேதான்.

கதைசொல்லி எழுத்து வழக்கிலும் பாத்திரங்கள் பேச்சு வழக்கிலும் இருந்தால், அந்த எல்லை கடைசிவரை மாறக்கூடாது. ஒரே அம்மா முதல் பக்கத்தில் "சாப்பிட்டியாடா?" என்றும் நான்காம் பக்கத்தில் "நீ ஏன் தாமதமாக வந்தாய்?" என்றும் கேட்டால் வேறு ஆள் பேசுவதுபோல் இருக்கும். "ஏன்டா இவ்ளோ நேரம்?" போதும். திருத்தும்போது ஒரு பாத்திரத்தின் வசனங்களை மட்டும் தனியே எடுத்து, வரிசையாக வாய்விட்டுப் படியுங்கள்; பிசிறு உடனே காதில் விழும். பழக்கமில்லாத வட்டார வழக்கைத் தொடாதீர்கள். நாலு "ஏலே" போட்டால் திருநெல்வேலி ஆகிவிடாது.

"கோபமாகக் கத்தினான்", "சோகமாக முனகினாள்" எல்லாவற்றையும் வெட்டுங்கள். அந்த இடத்தில் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: அவள் தம்ளரைக் கழுவி, ஓசை கேட்கக் கவிழ்த்து வைத்தாள். கோபம் அதிலேயே தெரியும்.

கதைக்கு வெளியே ஒன்று: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். குறிப்பிட்ட ஓர் எழுத்துருவை நம்பியிராத யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். மாற்றியபின் கொம்பும் புள்ளியும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.